தடிப் புத்தகத்தில் செல்வராஜ், எம்.

9 நவம்பர் 1981, திங்கள்

காலையிலிருந்து மழை. வழியில் மரம் விழுந்து அட்டுவம்பட்டி முழுக்கக் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் அரை நாள். கணக்குத் தாள் கொடுத்தார்கள். எண்பத்தொன்று. வகுப்பில் இரண்டாவது. வீட்டுக்கு வந்து சொல்ல மறந்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். யூனிட் மார்ச்சோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் அம்மா இதுவரை வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல் வேண்டும். அவற்றை வேறு ஆராய்ச்சியாளர்கள் எங்கெங்கே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற விவரமும் வேண்டும். டிசம்பர் பத்துக்குள். போதவில்லை என்றால் யூனிட்டை மூடிவிட்டு அம்மாவை ராமநாதபுரம் பக்கம் மாற்றுவார்கள்.

யூனிட் என்றால்: இரண்டு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் மெஷின், பாதி நாள் ஓடாத ஜீப். ஆட்கள்: அம்மா, லேப் டெக்னீஷியன் ராயப்பன் சார், ஆயா பாக்கியம் அக்கா. வேலை: மேல்மலைப் பெண்களுக்கு ஏன் ரத்தம் குறைவாக இருக்கிறது, எந்த மாத்திரைக்கு ஏறுகிறது என்று பார்ப்பது.

கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். ரா. சார், "நம்ம எழுதினத எவன் படிச்சான்னு நம்மளே போய் எண்ணணுமா டாக்டரம்மா?" என்றார்.

பாக்கியம் அக்கா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள். "அங்க பெரட்டுல பேரு கூப்புடுவாங்க. பேரு இல்லாட்டி அன்னைக்கு வேல இல்ல, சம்பளம் இல்ல. இதுவும் அந்தப் பெரட்டுதான?" பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கு எடுப்பதாம்.

"அதேதான் பாக்கியம்" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

ராத்திரி உப்புமா.

11 நவம்பர், புதன்

மழை விட்டு மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

அம்மாவிடம் மேற்கோள் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டது: ஒருவர் கட்டுரை எழுதும்போது, கடைசியில் தான் படித்த மற்றவர்களின் கட்டுரைகளைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் அதையெல்லாம் வருடத்துக்கு வருடம் சேர்த்துத் தடிப் புத்தகமாகப் போடுகிறார்கள். நம் பெயரைத் தேடினால் அதன் கீழே நம்மைக் குறிப்பிட்டவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கிட்டத்தில் என்றால் மதுரை நூலகத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை போகிறோம்.

மொத்தம் பதினொரு கட்டுரை. என் கையெழுத்து நன்றாக இருப்பதால் பட்டியலை நான் எழுதுகிறேன். எட்டு இந்தியப் பத்திரிகைகளில், 'எஸ். மங்கையர்க்கரசி' என்று. மூன்று வெளிநாட்டில். அவற்றில் 'எம். செல்வராஜ்'.

இது எங்கள் வீட்டில் பழைய கதை. முதல் கட்டுரை அனுப்பியபோது லண்டன்காரர்கள் 'எஸ்' என்றால் என்ன என்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய இனிஷியல், என் அப்பா செல்வராஜின் பெயர். அம்மா விரித்து எழுதி அனுப்பினாள். அவர்கள் அதையே குடும்பப் பெயர் ஆக்கி, அம்மாவை 'எம்' என்று ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அச்சான பிறகு என்ன செய்வது. அடுத்த இரண்டும் அப்படியே போயின.

கட்டுரையின் பிரதி வேண்டும் என்று வெளிநாட்டு டாக்டர்கள் கார்டு போடுவார்கள். எல்லாம் 'டாக்டர் எம். செல்வராஜ்' என்று வரும். அப்பாவுக்குப் பூண்டு வியாபாரம். எட்டாவது வரை படித்தவர். கார்டு வந்தால் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்து, "டாக்டர் செல்வராஜ் ரொம்ப பிஸி. போலந்துல கூப்புடுறாங்க. சோத்த வெரசா போடு" என்பார். அம்மாவுக்குக் கோபம் வருகிற மாதிரி சிரிப்பு வரும்.

ஆகஸ்டில் அப்பா போன பிறகும் கார்டுகள் வருகின்றன. தபால்காரர் குனிந்துகொண்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அம்மா எதற்கும் பதில் போடவில்லை. அலமாரியில் கிடக்கின்றன. தபால்தலைகளை நான் எடுக்கவில்லை. முன்பெல்லாம் எடுப்பேன்.

14 நவம்பர், சனி

மதுரை. முதல் பஸ். இறக்கத்தில் இரண்டு தடவை வாந்தி. அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வத்தலக்குண்டு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். வெயிலில் நின்றதும் தலை கனத்தது.

நூலகம் மருத்துவ மாணவர்களுக்கானது. என்னை உள்ளே விட நூலகர் யோசித்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருப்பவர். அம்மா, "என் அசிஸ்டென்ட்" என்றாள். "வயசு பத்தாதே" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டார்.

தடிப் புத்தகங்கள் சுவர் முழுக்க. எழுத்து எறும்பு மாதிரி. அம்மா முதலில் 'மங்கையர்க்கரசி, எஸ்' எடுத்தாள். ஒரு வருடத்தில் ஒன்று. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் ஒன்று. எல்லாப் புத்தகமும் பார்த்தும் நான்கு பேர்தான். அதில் ஒருவர் ரா. சாருக்குத் தெரிந்தவராம்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவ்வளவுதான். போலாம்."

"அப்பா பேர்ல பாக்கலியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். மறந்திருக்க முடியாது. பட்டியலில் நானே எழுதியிருக்கிறேன். நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போய் வேறு புத்தகம் எடுத்து வந்தேன்.

செல்வராஜ் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏ, சி, கே, எல். பிறகு 'எம்'. அதன் கீழே, மாத்திரையோடு தேநீர் குடித்தால் மருந்து உடம்பில் சேர்வதில்லை என்று அம்மா எழுதிய கட்டுரையின் வருடமும் பக்கமும். அதன் கீழே பெயர்கள். விரல் வைத்துக்கொண்டே வந்தேன். பத்தி முடிந்து அடுத்த பத்தியின் தலையிலும் தொடர்ந்தது. மற்ற வருடப் புத்தகங்களிலும் அப்படித்தான். வாயில் நுழையாத பெயர்கள். எல்லோரும் அப்பாவைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கம் பிசுபிசுப்பாக இருந்தது, மேலே ஃபேன் ஓடியது, அவ்வளவுதான் ஞாபகம்.

நூலகர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா இந்த செல்வராஜ்? பெரிய ஆளா இருப்பாரு போலயே."

அம்மா, "ஆமா" என்றாள்.

அப்புறம் பென்சிலை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தாள். நான் படித்துக் காட்டினேன். மூன்று மணி வரை. சாப்பிடவில்லை. அந்தப் புத்தகத்தில் எழுதியவர் பெயர் மட்டும்தான் ஏறும், கட்டுரைக்குள் நன்றி சொல்லப்பட்டவர்கள் வர மாட்டார்கள் என்று நூலகர் சொன்னார். அவர்தான் கடைசியில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா குடித்தாள்.

திரும்பும்போது ஏற்றத்தில் வாந்தி இல்லை.

18 நவம்பர், புதன்

குளிர். வாளித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. தமிழ்க் கட்டுரை: 'நான் விரும்பும் தொழில்'. நூலகர் என்று எழுதினேன். போன வருடம் டாக்டர்.

சென்னைக்கு டிரங்க் கால். அம்மா தபால் நிலையத்தில் கத்திக் கத்திப் பேசினாள். பக்கத்தில் டூரிஸ்ட் ஒருவர், "லைன் கிடைச்சா லேசில விடாதீங்கம்மா" என்றார்.

தலைமை அலுவலக சூப்பரின்டெண்ட் சொன்னது, அம்மா ரா. சாரிடம் திருப்பிச் சொன்னது: "எம். செல்வராஜ்னா நீங்கதான்னு எதை வச்சும்மா நம்புறது? நாளைக்கு யார் வேணா யாரோட கட்டுரையையும் என்னோடதுன்னு கொண்டு வரலாம்ல. உங்க பேரும் அந்தப் பேரும் சேர்ந்த மாதிரி ஒரு சர்க்கார் பேப்பர் வைங்க."

அவர் சொல்வதும் சரிதான் என்று அம்மா சொன்னாள்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. பழனி மலையில், காலை ஐந்து மணிக்கு, பத்துப் பேர். இருப்பது ஒரு போட்டோ. அதிலும் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ரேஷன் கார்டில் அப்பா பெயர், மனைவி 'மங்கை'. அது செல்லாது. சம்பளப் பதிவேட்டில் 'எஸ்' மட்டும்.

ரா. சார் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு இருக்கு டாக்டரம்மா. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"சொல்லுங்க."

"வாரிசு சர்டிபிகேட். அதுல சார் பேரு முழுசா இருக்கும். கீழ மனைவின்னு உங்க பேரு முழுசா இருக்கும். தாசில்தார் சீல் இருக்கும். அதுக்கு மேல என்ன வேணும்?"

ரத்தம் சுற்றும் மெஷின் ஓடி நின்றது. அம்மா போய்க் குழாய்களை எடுத்து வைத்தாள்.

"அது வாங்கினா எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிரும்னு விட்டு வச்சிருந்தேன் ராயப்பன்" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

22 நவம்பர், ஞாயிறு

நாள் முழுக்க வீட்டில். துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டோம்.

இறப்புச் சான்றிதழ் செப்டம்பரிலேயே ரா. சார் வாங்கிக் கொடுத்துவிட்டார். அலமாரியில் கார்டுகளுக்கு அடியில், உறை ஒட்டியபடியே இருந்தது. இன்று அம்மா பிரித்தாள். இரண்டு தடவை படித்தாள். வயதில் ஒன்று கூடப் போட்டிருக்கிறார்கள். "பரவால்ல" என்றாள். பிறகு சாம்பாருக்குப் புளி ஊற வைத்தாள்.

வாரிசுச் சான்றுக்கான மனுவை நான் நகல் எடுத்தேன். 'மேற்படி செல்வராஜ் அவர்கள் கடந்த ஆகஸ்டு மாதம் மாரடைப்பால் காலமானார்.' இரண்டு பிரதி. ஒரு பிழை. முழுத்தாளையும் மறுபடி எழுதினேன்.

ராமநாதபுரம் பற்றிப் பள்ளி நூலகப் புத்தகத்தில் பார்த்தேன். வெயில். கடல். ரத்தச் சோகை அங்கும் இருக்குமா என்று கேட்டேன். "எங்கயும் இருக்கும். ஆனா இந்தப் பொம்பளைகளோட பழைய கணக்கு இங்கதான இருக்கு. பாதில விட்டா எட்டு வருஷம் வீண்" என்றாள் அம்மா.

26 நவம்பர், வியாழன்

வாரிசுச் சான்றுக்கு விசாரிக்கத் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. மகள் வீட்டில் இருக்க வேண்டுமாம். குரங்குத் தொப்பி, மேலே மஃப்ளர். கீழே நத்தம் பக்கத்து ஆள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பாக்கியம் அக்கா காபி போட்டாள்.

ஆர்.ஐ.: "எறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

அம்மா: "மனைவி."

"வேற சம்சாரம் உண்டா? கேக்கணும், கோவிச்சுக்காதீங்க."

"இல்லை."

"வேற பிள்ளைங்க?"

"இல்லை. இவ ஒருத்தி."

நோயாளியிடம் அம்மா கேட்கிற மாதிரியே அவர் கேட்டார். நோயாளிகள் சொல்கிற மாதிரியே அம்மா சொன்னாள்.

சாட்சிக்கு ரா. சாரும் பக்கத்து வீட்டு டெய்லரும். டெய்லர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவரு பேன்ட்டு ஒண்ணு என்ட்ட தச்சபடி கெடக்கும்மா. எப்படிக் கொடுக்குறதுன்னு தெரியாம வச்சிருக்கேன்" என்றார். அம்மா வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

ஆர்.ஐ. போகும்போது கேட்டார்: "டாக்டரம்மா, எதுக்கு அவசரம்? நெலம் விக்கிறீங்களா?"

"இல்லைங்க. நான் எழுதினதை நான்தான் எழுதினேன்னு காட்டணும்."

அவருக்குப் புரியவில்லை. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பாக்கியம் அக்கா என் தலையைப் பின்னிவிட்டாள். "அழுதுரு பாப்பா. உள்ளுக்கு வச்சா வயித்துல கட்டிக்கும்." முயற்சி செய்தேன். கொட்டாவிதான் வந்தது.

4 டிசம்பர், வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. ரா. சார் தாலுகா ஆபீஸில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கினார்.

1. மங்கையர்க்கரசி, மனைவி.
2. வான்மதி, மகள்.

என் பெயர் சர்க்கார் தாளில் வருவது இதுதான் முதல் தடவை.

நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். அம்மாவே கெஜட்டட் ஆபீசர். தினமும் யாராவது மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், அம்மா பச்சை மையில் போட்டுக் கொடுப்பாள். இன்று பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டாள். அப்புறம் மூடினாள். "என் வீட்டுக்காரருக்கு நானே போடக்கூடாது." நானும் அம்மாவும் பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போய்க் கண் டாக்டரிடம் வாங்கினோம். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்கு மிட்டாய் கொடுத்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

சென்னைக்கு அனுப்பக் கட்டின வரிசை:
பட்டியல்
மதுரைக் குறிப்பு (நான் எழுதியது)
மூன்று கட்டுரைப் பிரதி
வாரிசுச் சான்று

ரிஜிஸ்டர் தபால். ரசீதை அம்மா பர்ஸில் வைத்துக்கொண்டாள். ஏரி ரோடு வழியாக நடந்து வந்தோம். குதிரைக்காரர் ஒருவர், "சவாரி போறீங்களா, பாப்பாவுக்குப் பாதி" என்றார். அம்மா நின்று யோசித்தாள். போகவில்லை.

16 டிசம்பர், புதன்

பரீட்சை முடிந்தது. சயின்ஸில் ரத்த ஓட்டம் கேட்டிருந்தார்கள். படம் போட்டேன்.

சென்னையிலிருந்து ஒன்றுமில்லை. ரா. சார் மெஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டார். "மூடுனா ஒப்படைக்கணும்ல." அம்மா உறையைக் கழற்றி வைத்தாள். அவர் மறுபடி போடவில்லை.

கூக்கால் முகாமுக்கு அம்மாவோடு போனேன். அந்த மேல்மலை ஊருக்குப் பஸ் குறைவு. ஜீப் ஓடவில்லை. காய்கறி லாரியில் ஏறினோம். அப்பா இருந்தால் அவர் ஜீப்பில் வந்திருப்போம். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கட்டி உருகுமுன் யூனிட்டில் சேர்ப்பது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை. பூண்டு ஏற்றப் போகிற வழிதானே என்பார்.

பெண்கள் விரல் நீட்டிக்கொண்டு வரிசையில். ஒரு அக்கா: "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் டீ குடிக்காதங்கிறீங்க. வெள்ளனே எந்திரிச்சு டீ இல்லாம காட்டுக்கு எப்படிப் போறது?"

அம்மா: "அப்ப மாத்திரைய ராத்திரி போடு."

"ராத்திரியும் டீதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம். அந்த அக்கா, "அடுத்த வருசமும் வருவீங்கல்ல?" என்றாள். அம்மா விரலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "தெரியலை" என்றாள்.

30 டிசம்பர், புதன்

கடும்பனி. புல் வெள்ளையாக இருந்தது.

கடிதம் வந்தது. இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறது. ஒரு நிபந்தனை: இனிமேல் எங்கே எழுதினாலும் ஒரே பெயரில் எழுத வேண்டும். எந்தப் பெயர் என்பதை அம்மாவே முடிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

ரா. சார் கேசரி வாங்கி வந்தார். பாக்கியம் அக்கா, "பெரட்டுல பேரு வந்துருச்சு" என்றாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.

2 ஜனவரி 1982, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

லண்டனுக்கு அனுப்ப வேண்டிய புதுக் கட்டுரை தயார். தட்டச்சான முதல் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அம்மா பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் கேட்டேன். "செல்வராஜ்னு போட்டா எல்லாம் ஒரே எடத்துல சேரும்லம்மா. அங்கதான எல்லாரும் தேடுவாங்க."

"சேரும்."

"அப்ப?"

"அப்பா பூண்டு வித்தாரு மதி. ஜீப் ஓட்டினாரு. எழுதினது நான்."

'மங்கையர்க்கரசி, எஸ்.' என்று எழுதினாள். எஸ்-ஸை இனிமேல் யார் கேட்டாலும் விரிக்கப் போவதில்லையாம்.

"அந்தப் புத்தகத்துல செல்வராஜ் இனிமே வர மாட்டாரா?"

"பழசச் சொல்றவங்க இன்னும் கொஞ்ச வருஷம் சொல்லுவாங்க. அப்புறம் புதுசா யாராவது இதவிட நல்லா எழுதுவாங்க. அவங்களச் சொல்லுவாங்க. எல்லாருக்கும் அப்படித்தான்."

கடைசிப் பக்கத்தில் நன்றி. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இங்கிலீஷில், அதன் பொருள்: 'எட்டு ஆண்டுகள் ரத்த மாதிரிகளைக் கூக்காலிலிருந்து கெடாமல் கொண்டுவந்து சேர்த்த காலஞ்சென்ற திரு. செல்வராஜுக்கு.' 'திரு.' என்பதை அம்மா இரண்டாவது தடவை அழுத்திச் சொன்னாள். நான் டாக்டர் என்று எழுதிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

நன்றியில் வருகிற பெயர் தடிப் புத்தகத்தில் ஏறாது. மதுரையில் நூலகர் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. தாளில் படாமல் தள்ளி வைத்தேன். அம்மா பார்த்தாள், மை ஒற்றும் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

நாளை கூக்கால் முகாம். ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.